வாழும் ஊரில் வாக்கு வேண்டும்

2024 ஏப்பிரல் 19-ஆம் நாள் மதுரையும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் நாடாளுமன்றத் தேர்தலுக்கு வாக்களித்தன. அன்று ஆனையூரிலும், திருமங்கலத்தை அடுத்த உச்சப்பட்டியிலும், மேலூர் வட்டத்துத் திருவாதவூரிலும் ஈழத்து ஏதிலியராய்ப் பதிவு பெற்று முகாம்களில் வாழும் தமிழர்க்கு அது மற்றுமொரு விடுமுறை நாளாகவே கழிந்தது. வேட்பாளர்களின் ஒலிபெருக்கி அவர்தம் தெருவழியாகவும் சென்றிருக்கும். ஆனால் அவர்களிடம் கேட்டுப் பெறுவதற்கு எந்தக் கட்சிக்கும் ஒன்றுமில்லை. பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. 1983-இல் கைக்குழந்தையாய்த் தோணியேறி வந்தவர்க்கு இன்று நரைத்துவிட்டது. முகாமிலேயே பிறந்து, இலங்கையைக் கண்ணாலும் கண்டிராத அவர் பிள்ளைகள் வாக்களிக்கும் அகவையைக் கடந்து விட்டனர். மூன்று தலைமுறை ஒரே ஊரில், ஒரே தெருவில், நம் மொழியையே பேசிக்கொண்டு வாழ்ந்தும், அவ்வூர் ஆட்சியில் அவர்கட்குச் சொல்லொன்றும் இல்லை.

திருவாதவூரைக் கபிலர் பிறந்த ஊர் என்பது மரபு. பாரி மாண்டபின், நாடிழந்து நின்ற அவன் மகளிர் இருவரையும் அழைத்துக்கொண்டு, வேந்தர்தம் வாயில்தோறும் சென்று புகல் கேட்டவர் அவர். விச்சிக்கோன் மறுத்தான், இருங்கோவேளும் மறுத்தான். அவர் ஊரிலேயே இன்று நாடிழந்தார்க்கு ஒரு முகாம் இருக்கிறது. வேளிர் மறுத்த புகலை நாம் மறுக்கவில்லை என்று நெஞ்சு நிமிர்த்திக் கொள்ளலாம். ஆயினும் புகல் என்பது கூரையும் கூழும் மட்டுமோ?

முகாம் என்னும் சொல்லும் நமதன்று. பயணத்தின் இடையே ஓரிரவு தங்கும் இடத்துக்கே அது பெயர். நாற்பதாண்டுத் தங்கலுக்கு அப்பெயர் பொருந்தாது. 2021-இல் தமிழ்நாட்டரசு 'அகதிகள் முகாம்' என்பதை 'மறுவாழ்வு முகாம்' என மாற்றியது. அவ்வாண்டே உதவித்தொகையைக் குடும்பத் தலைவர்க்குத் திங்கள்தோறும் 1,500 உருபாவாகவும் பெரியவர் ஏனையோர்க்கு 1,000 உருபாவாகவும் உயர்த்திற்று. இடிந்த குடில்களுக்கு மாற்றாக ஏழாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் கட்டவும் திட்டமிட்டது. நல்லதைச் செய்தபோது நல்லதெனச் சொல்வோம். அன்றைய கணக்கின்படி நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58 ஆயிரம் பேரும், வெளியே காவல்நிலையப் பதிவோடு ஏறத்தாழ 34 ஆயிரம் பேரும் இருந்தனர். இவ்வளவு பேரும் அரசு தருவதைப் பெற்றுக்கொள்வார். இன்னது தருக என்று கேட்டு வாங்கும் கருவி அவர் கையில் இல்லை.

இவர்களை 'வந்தேறிகள்' என்று ஏட்டில் எழுதுவோர், இவருள் ஒரு பகுதியினர் எங்கிருந்து சென்றவர் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. பெரியாற்று நீர் மதுரைச் சமவெளிக்கு வந்தது 1895-இல். அதற்கு முன் மேலூரும் திருமங்கலமும் வானம் பார்த்த மண். இராமநாதபுரமும் சிவகங்கையும் இன்றும் பெரும்பாலும் அப்படியே. 1876-க்கும் 1878-க்கும் இடையே வாட்டிய பெரும்பஞ்சம் குடிகளை ஊர்விட்டு ஓட்டியது. கங்காணிமார் ஊருக்குள் வந்து முன்பணம் கொடுத்து ஆள் பிடித்தனர். மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்தனர் நம் முன்னோர். வழியிலேயே மாண்டார் தொகையை எவரும் முறையாக எண்ணவில்லை. தோட்டத்தை அடைந்தபின் 'துண்டு' என்றொரு தாள் அவரைப் பிணித்தது. இன்னார் இவ்வளவு கடன்பட்டிருக்கிறார் என்று எழுதிய அத்தாளே ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு அவரை விலைமாற்றியது. குளம்பியும், அது நோயுற்று அழிந்தபின் தேயிலையும் இலங்கையை வளமாக்கின. அவ்வளத்தைக் கையால் கிள்ளிச் சேர்த்தவர் மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, சேலம் ஆகிய மாவட்டங்களின் ஏழைமக்கள். அவருள்ளும் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்டோர்.

1931-இலேயே இலங்கையில் ஆண், பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை வந்தது. மலையகத் தமிழர்க்கு அது கட்டுப்பாடுகளோடுதான் கிடைத்தது, எனினும் கிடைத்தது. 1947-ஆம் ஆண்டுத் தேர்தலில் தோட்டத் தொகுதிகள் தம் உறுப்பினரைத் தாமே தேர்ந்தனுப்பின. நம் சிவகங்கைப் பக்கத்தில் பிறந்த தொண்டைமான் நுவரெலியாவிலிருந்து சென்றார். தோட்டத் தொழிலாளரின் வாக்கு வேறு பல தொகுதிகளில் இடதுசாரிகளையும் வெல்லச் செய்தது. சேனநாயகாவின் அரசை அஞ்ச வைத்தது இதுவே. 1948-இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. தந்தை இலங்கையிற் பிறந்தார் என்றோ, பாட்டனும் பூட்டனும் அங்குப் பிறந்தார் என்றோ ஆவணம் காட்டவேண்டும் என்றது அது. தோட்டத்து வரிசைக் குடிலில் பிறந்த பூட்டனுக்குப் பிறப்புச் சான்று எழுதிவைத்தவன் யார்? அடுத்த ஆண்டே, குடிமக்கள் அல்லார்க்கு வாக்கில்லை எனத் தேர்தற் சட்டத்தையும் திருத்தினர். ஏறத்தாழ ஏழு நூறாயிரம் தமிழர் ஒரு தாள் திருப்பலில் ஊமையராயினர். 1949-ஆம் ஆண்டின் மற்றொரு சட்டப்படிக் குடியுரிமை கேட்டு எட்டு நூறாயிரத்துக்கு மேற்பட்டோர் எழுதிக் கொடுத்தனர். ஏற்கப்பட்டவர் ஏறத்தாழ 1,34,000 பேர்.

இதனை முறைமன்றத்திலும் கேட்டுப் பார்த்தனர். உருவன்வெல்லைத் தொகுதிப் பட்டியலில் தம் பெயரைச் சேர்க்கவேண்டும் என்று கோடாகன் பிள்ளை என்பார் வழக்காடினார். சிறுபான்மையர்க்கு மட்டும் தடை விதிக்கும் சட்டம் செல்லாது என்று இலங்கை அரசமைப்பின் 29-ஆம் பிரிவு சொன்னதை அவர் எடுத்துக்காட்டினார். பட்டியலைத் திருத்தும் அலுவலர் அவர்க்குச் சார்பாகவே முடிவு செய்தார். 1951-இல் இலங்கை உயர்ந்த முறைமன்றம் அதனைத் தள்ளியது. 1953-இல் இலண்டன் கோமறை மன்றமும் தள்ளியது. குடிமகன் யார் என வரையறுப்பது நாட்டின் உரிமை, அதில் இனவேற்றுமை இல்லை என்றனர். சட்டத்தின் எழுத்தில் தமிழன் என்னும் சொல் இல்லை என்பது உண்மைதான். வலைக்கண்ணில் மீனின் பெயர் எழுதியிருப்பதில்லை.

இதில் நாம் கூர்ந்து நோக்கவேண்டியது ஒன்றுண்டு. வாக்கைப் பறித்தபின்னும் தொகுதி பிரிக்கும்போது மலையகத் தமிழரின் தலைகளையும் சேர்த்தே எண்ணினர். அதனால் மலைநாட்டுக்குத் தொகுதிகள் மிகுந்தன. அவற்றில் வாக்களித்தோர் பெரும்பாலும் சிங்களரே. தலையெண்ணும்போது தமிழன் உண்டு, ஓலையெண்ணும்போது இல்லை. 1952 தொடங்கி 1977 வரை மலையகத் தமிழர் தாமே தேர்ந்த உறுப்பினர் ஒருவர்கூட நாடாளுமன்றம் செல்லவில்லை. தோட்டப் பள்ளிகளை அரசு ஏற்றது 1970-களிலேதான் என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை என எவரேனும் சொல்வாராயின், அவர் வாக்கு என்பதன் பயனை அறியாதவர். 1977-இல் தொண்டைமான் மீண்டும் வென்றார். மறு ஆண்டே அமைச்சரானார். குடியரசுத் தலைவர் தேர்தல் நெருங்கிய 1988-இல், நாற்பதாண்டு கிடப்பில் கிடந்த நாடற்றோர் சிக்கலுக்கு ஒரு சட்டம் விரைந்து வந்தது. 2003-இல் இன்னொரு சட்டம் எஞ்சியோர்க்கும் குடியுரிமை தந்தது. அற்றைநாள் ஆட்சியாளரின் நெஞ்சு திடுமென இளகிவிடவில்லை. கையில் சில வாக்குகள் திரும்ப வந்தன. அவற்றைக் கொண்டு ஏனைய வாக்குகளையும் மீட்டனர்.

இடையே 1964 அக்தோபர் 30-ஆம் நாள் தில்லியில் சாத்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்ட உடன்படிக்கை, 9,75,000 பேரைச் சரக்கு மூட்டைகள்போல் பங்கிட்டது. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதிப் பேரை 1974-இல் இந்திரா பாதிக்குப் பாதி பிரித்துக்கொண்டார். மலையக மக்களை எவரும் கேட்கவில்லை. வாக்கில்லாதவரை ஏன் கேட்கவேண்டும்? அவ்வுடன்படிக்கையின் வழி இந்தியக் கடவுச்சீட்டோடு வந்தவர் தமிழ்நாட்டில் வாக்காளராயினர். ஆனால் கலவரங்களுக்கு அஞ்சி மலைநாட்டை விட்டு வவுனியாப் பக்கம் குடிபெயர்ந்து, 1983-க்குப் பின் அங்கிருந்தும் துரத்தப்பட்டுத் தோணியேறியவர், கடவுச்சீட்டின்றி வந்தமையால் அயலார் ஆயினர். முன்னோர் இலங்கைக்குப் போகும்போது தடுத்துவைத்து நோய் பார்த்த இடம் மண்டபம். பெயரர் திரும்பி வந்தபோது பதிவு செய்து அடைத்த இடமும் மண்டபம். போகும்போதும் அந்த வாயிலில் அவர்க்குக் குடியுரிமை இல்லை, வரும்போதும் இல்லை.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது? 1950 சனவரி 26 முதல் 1987 சூன் 30 வரை இம்மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராயினும், பிறப்பால் குடிமக்கள். 1987 சூலை முதல் நாளிலிருந்து பிறந்தார்க்குப் பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாதல் வேண்டும். அசாமில் எழுந்த கிளர்ச்சியை ஒட்டித் தைத்த சட்டை அது. மண்டபத்தில் பிறந்த குழந்தையின் கழுத்தை நெரித்தது. பின்னர் வந்த திருத்தம், ஆவணமின்றி வந்தாரைச் 'சட்டப் புறம்பான குடியேறிகள்' என வகுத்து, பதிவு செய்துகொள்ளும் வழியையும் அடைத்தது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் பாக்கித்தான், வங்காளதேசம், ஆப்கானித்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த ஆறு மதத்தார்க்குக் கதவு திறந்தது. இலங்கை அப்பட்டியலில் இல்லை. இந்துக்களின் காவலர் எனத் தம்மைச் சொல்லிக்கொள்வோர், ஈழத்துச் சிவனடியாரை மட்டும் ஏன் மறந்தனர் என்பதற்கு இன்றுவரை ஒழுங்கான விடை தரவில்லை. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2021 செப்தம்பர் 8-ஆம் நாள் அச்சட்டத்தைத் திரும்பப் பெறக் கோரித் தீர்மானம் இயற்றியது. 2025 செப்தம்பரில் நடுவணரசு, 2015 சனவரி 9-க்கு முன் வந்து பதிவு பெற்ற ஈழத்தமிழர்க்கு ஆவணமின்மைக்கான தண்டனையிலிருந்து விலக்களித்தது. சிறைக்கு அனுப்பமாட்டோம் என்றது. குடிமகன் என்று சொல்லவில்லை.

உயர்முறைமன்றத்தின் மதுரைக் கிளை இதில் ஈரம் காட்டியிருக்கிறது என்பதை மறைக்கலாகாது. கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களில் வாழும் மலையக வழியினர் 65 பேர் தொடுத்த வழக்கில், 2019 சூனில், அவர்தம் வேண்டுகோளைப் புதிதாய் வாங்கிக் காலக்கெடுவுக்குள் முடிவு செய்யுமாறு நடுவணரசுக்கு அது கட்டளையிட்டது. 1987-க்கு முன் தமிழ்நாட்டு முகாமொன்றில் பிறந்த பெண்ணொருவர்க்குக் கடவுச்சீட்டு வழங்குமாறு 2022-இல் ஆணையிட்டது. 2024 தேர்தலில் அவர் முதன்முறையாக வாக்களித்தார். அவரைப்போல் பிறப்புநாளால் உரிமையுடையார் இன்னும் எத்தனையோ பேர் முகாம்களில் இருக்கின்றனர். பிறப்புச் சான்றைத் தேடி எடுத்துத் தரவும், படிவம் நிரப்பவும், முறைமன்றப் படியேறவும் துணையின்றி அவர்கள் அமர்ந்திருக்கின்றனர். இவ்வேலைக்குச் சட்டத்திருத்தம் வேண்டா. மதுரையிலுள்ள வழக்குரைஞர் பத்துப்பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் உச்சப்பட்டிக்குச் சென்றால் போதும்.

இனி நம்மவரே எழுப்பும் இரண்டு தடைகளைச் சொல்ல வேண்டும்.

முதலாவது, 'இங்கே குடியுரிமை தந்தால் ஈழத்தில் உள்ள நிலமும் உரிமையும் போய்விடுமே; அவர்கள் திரும்பிச் செல்ல வேண்டியவர்கள் அல்லரோ' என்பது. இதனைச் சொல்வோர் ஈழத்தின்மேல் உண்மைப் பற்றுடையவர். ஆதலின் விடை சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். திரும்பிச் செல்வதா, இருப்பதா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் முகாமில் இருப்பவரே. மேடையில் இருப்பவர் அல்லர். சிங்களப் படை பிடித்த காணிக்கு உரிமை கோரும் பிள்ளை, மேலூர்ப் பள்ளியில் கணக்காசிரியராய் அரசுப்பணி பெறுவதால் அக்காணி எவ்வாறு குறையும்? மேலும், வாக்கும் குடியுரிமையும் எங்கும் ஒன்றாய்க் கட்டிப் பிணைத்தவை அல்ல. பிரித்தானியாவில் முறைப்படி வாழும் பொதுநல நாட்டார் அனைவரும் நாடாளுமன்றத் தேர்தலிலும் வாக்களிக்கலாம்; இலங்கைக் குடிமகனாகவே இருந்துகொண்டு யாழ்ப்பாணத்தார் இலண்டனில் வாக்களிக்கின்றார். நார்வேயில் மூன்றாண்டு தொடர்ந்து வாழும் அயல்நாட்டார்க்கு உள்ளாட்சி வாக்கு 1983 முதல் உண்டு. யாழ்ப்பாணத்தில் பிறந்த கம்சாயினி குணரத்தினம் 2015-இல் ஆசுலோவின் துணை நகரத்தலைவர் ஆனார். 2021-இல் நார்வே நாடாளுமன்றம் சென்றார். ஒரே ஊரில் பிறந்த இருவருள் பனிநாட்டுக்குப் பறந்தவர் நகராண்மைப் பொறுப்பில் அமர்கிறார். தாய்த்தமிழகம் என்று நம்பி இராமேசுவரத்துக்குத் துடுப்பு வலித்தவர் கணக்கெடுப்பு நாளில் வரிசையில் நிற்கிறார். நமக்கு நாணமில்லையா?

இரண்டாவது தடை நம் அன்பர் சிலர்க்குக் கசக்கும். 2025-இன் இறுதியில் வாக்காளர் பட்டியல் திருத்தம் தொடங்கியபோது, வடபுலத் தொழிலாளர் பெயர் இங்குச் சேரக்கூடாது என்ற குரல் ஓங்கி எழுந்தது. போலியாய்ப் பெயர் சேர்ப்பதையும், ஒருவர் ஈரூரில் வாக்கு வைத்திருப்பதையும் நாமும் எதிர்க்கிறோம்; அது குற்றம். ஆனால் ஆண்டுக்கணக்கில் ஒருவன் கப்பலூர்த் தொழிற்கூடத்தில் உழைத்து, மனைவி மக்களோடு இங்கேயே குடியிருந்து, பிள்ளையைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்புவானாயின், 1950-ஆம் ஆண்டுச் சட்டம் அவன் இயல்பாய் வாழும் இடத்திலேயே அவனைப் பதிகிறது. அது தவறன்று. 1960-களின் பிற்பகுதியில் பம்பாயில் நம்மவரைத் தென்னாட்டான் என்று அடித்தபோது நாம் கொதித்தோம். மலையகத்தில் நம் வாக்கைப் பறித்தபோது அழுதோம். அங்கே நயனென்று கேட்டதை இங்கே நயனன்று என்று சொல்ல நம் நாக்குக் கூசவேண்டும். அவனுக்குத் தமிழ் கற்பிப்பது நம் வேலை. அவன் வாக்கைப் பிடுங்குவது நம் வேலையன்று. நாம் கேட்பது வேறு. பத்தாண்டு வாழ்ந்த பீகார்த் தொழிலாளிக்குக் கிடைப்பது, நாற்பதாண்டு வாழ்ந்த வவுனியாத் தமிழர்க்கு ஏன் கிடைக்கவில்லை என்பதே.

என்ன செய்யலாம்? குடியுரிமை நடுவணரசின் கையில் உள்ளது. அதற்கான போராட்டம் நீளும். ஆனால் உள்ளாட்சி வேறு. அரசமைப்பின் 326-ஆம் பிரிவு வாக்காளர் குடிமகனாதல் வேண்டும் என்று சொல்வது மக்களவைக்கும் சட்டமன்றத்துக்குமே. ஊராட்சித் தேர்தல் பற்றிச் சட்டமியற்றும் இடத்தை 243-ஆம் பிரிவின் உட்பகுதிகள் மாநிலத்துக்குத் தந்துள்ளன. இருபதாண்டுக்கு மேல் ஓரூரில் பதிவோடு வாழும் ஏதிலியர்க்கு அவ்வூர் உள்ளாட்சித் தேர்தலில் மட்டும் வாக்குத் தரத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் துணிந்து ஒரு சட்டம் இயற்றிப் பார்க்கட்டும். நடுவணரசு வழக்குத் தொடுக்கலாம், தொடுக்கட்டும். தில்லிக்கு மடல் எழுதுவதோடு கடமை முடிந்ததென்று கருதும் வழக்கத்தினும் அது மேல். குடிநீர்க்குழாய், சாக்கடை, தெருவிளக்கு, பள்ளி ஆகியவற்றில் பிற ஊராரைப்போலவே பங்குடைய மக்கள் இவர்கள். மக்கள்தொகைக் கணக்கில் இவர் தலையும் எண்ணப்படுகிறது. மலையகத்தில் செய்த அதே பிழையை ஆனையூரில் நாமே செய்து கொண்டிருக்கிறோம்.

உச்சப்பட்டியிலும் திருவாதவூரிலும் வாழும் நம் தோழர்கள் சனவரி 26, மே 1, ஆகத்து 15, அக்தோபர் 2 ஆகிய நாள்களில் கூடும் ஊர்மன்றங்களுக்குத் தவறாது செல்லவேண்டும். ஆனையூர்த் தோழர்கள் மாநகராட்சி உறுப்பினரை நேரிற் கண்டு கேட்கவேண்டும். கூட்டத்தில் முன்வைக்கத்தக்க தீர்மானம் இது. கைப்பட எழுதி, ஊரார் கையொப்பம் வாங்கித் தருக:

'நம் ஊரெல்லைக்குள் இருபதாண்டுக்கு மேலாக வாழ்ந்துவரும் ஈழத்து, மலையகத் தமிழ் உடன்பிறப்புகட்கு இந்தியக் குடியுரிமை வழங்குமாறு நடுவணரசையும், அதுவரையில் நம் ஊர் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை வழங்கச் சட்டமியற்றுமாறு தமிழ்நாட்டரசையும் இவ்வூர்மன்றம் கேட்டுக்கொள்கிறது. 1987 சூலைக்கு முன் இம்மாவட்ட முகாம்களில் பிறந்தவர் பெயரை வாக்காளர் பட்டியலில் உடனே சேர்க்குமாறு மாவட்ட ஆட்சியரைக் கேட்டுக்கொள்கிறது.'